கரையோர நீரில் மரந்துளைக்கும் மெல்லுடலிகள்: வாழிடமும் எல்லைகளும்

கடல்நீரில் கிடக்கும் மரத்தைத் துளைத்து, அதற்குள்ளேயே வளர்ந்து, அதற்குள்ளேயே மடியும் மெல்லுடலிகள் எந்தெந்தக் கரையோர நீர்களில் வாழ்கின்றன என்பது துறைமுகப் பொறியாளருக்கும் படகு கட்டுவோருக்கும் உயிரியலாளருக்கும் பொதுவான கேள்வி. உப்பும் வெப்பமும் உள்ள நீரில், மரம் கிடைக்கும் இடத்திலெல்லாம் அவை வாழ்கின்றன என்பது அதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. அந்த விடை தவறன்று, ஆனால் போதாது. பல பத்தாண்டுகள் பத்திரமாக நின்ற படகுத்துறைகள் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துச் சரிந்ததையும், மூழ்கி 300 ஆண்டுகளுக்கு மேலான மரக்கப்பல் ஏறக்குறைய முழு உருவோடு வெளியே எடுக்கப்பட்டதையும் அது விளக்குவதில்லை. வளர்ந்த உயிரி எதைத் தாங்கும் என்பதைவிட, அதன் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிப்பட்டு நீரில் மிதந்து திரியும் இளம்பருவம், எதைத் தாங்கும், எவ்வளவு தொலைவு செல்லும், எந்த வேளையில் மரத்தைச் சந்திக்கும் என்பவையே இவ்வுயிரிகளின் வாழிடத்தை வரையறுக்கின்றன என்று இக்கட்டுரை கருதுகிறது.

கடலில் மரத்தைத் துளைக்கும் மெல்லுடலிகள் அனைத்தும், சிப்பி, மட்டி ஆகியவற்றைப் போல இரண்டு ஓடுகள் உடைய வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானது கப்பல்புழு என்று பொதுவாக அழைக்கப்படும் டெரிடினிடே குடும்பம். இதில் ஏறக்குறைய 70 இனங்கள் அறியப்பட்டுள்ளன; புழுப்போல் நீண்ட உடலின் முன்முனையில் மட்டும் இரண்டு சிறு ஓடுகள் எஞ்சியிருக்கும், அந்த ஓடுகளின் மேல் வரிசை வரிசையாக அமைந்த நுண்பற்களே மரத்தை அராவும் கருவி. இரண்டாவது ஃபோலாடிடே குடும்பத்தைச் சேர்ந்த மார்ட்டீசியா. இது சிப்பியின் தோற்றத்தை இழக்காமல், சில சென்டிமீட்டர் ஆழமுள்ள பேரிக்காய் வடிவக் குழியைத் தோண்டி அதில் தங்குகிறது. மூன்றாவது சைலோஃபாகைடே என்னும் குடும்பம். இதன் இனங்களில் பெரும்பாலானவை ஆழ்கடலுக்கு உரியவை. இவற்றோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் லிம்னோரியா, ஸ்பீரோமா ஆகியவை இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்களான ஓட்டுக்கணுக்காலிகள். அவை மரத்தின் மேற்பரப்பை அரிப்பவை என்பதால் இங்கே விரிவாகப் பேசப்படவில்லை.

இக்குடும்பங்களுக்கு இடையே உள்ள ஒரு வேறுபாடு வாழிடக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. கப்பல்புழுவுக்கு மரம் வீடு மட்டுமன்று, உணவும் அதுவே. அதன் செவுள்களில் வாழும் டெரிடினிபாக்டர் டர்னரே முதலிய பாக்டீரியாக்கள், மரத்தின் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிகளை ஆக்கித் தருவதோடு, நைட்ரஜன் மிகக் குறைந்த மரவுணவில் வாழும் அவ்வுயிரிக்கு நைட்ரஜனையும் நிலைப்படுத்தித் தருகின்றன. மார்ட்டீசியாவுக்கோ மரம் உறைவிடம் மட்டுமே. அது நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்கிறது. ஆகவே மார்ட்டீசியா ஸ்ட்ரையேட்டா என்ற இனம் மரத்தோடு நில்லாமல் பி.வி.சி. குழாய்களையும், நீரடிக் கம்பிவடங்களின் ஈய உறையையும்கூடத் துளைத்திருக்கிறது. மரம் இல்லாத கரையில் கப்பல்புழு நிலைகொள்ள வழியில்லை; மார்ட்டீசியாவுக்கு அந்தத் தடை அவ்வளவு இறுக்கமானதன்று.

கப்பல்புழுவின் வாழ்க்கை இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. லார்வாவாக நீரில் மிதக்கும் முதற்பகுதியில் அது ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவுகூட இராது. மரத்தைக் கண்டு அதன்மேல் ஊர்ந்து, பொருத்தமான இடத்தில் துளையிட்டு நுழைந்தபின் அது மீண்டும் வெளியே வருவதே இல்லை. நுழைந்த துளை ஏறக்குறைய அதே சிற்றளவில் நிற்க, உள்ளே சுரங்கம் உடலோடு சேர்ந்து நீண்டு அகன்று, சுண்ணாம்புப் பூச்சு பெறுகிறது. சுரங்கங்கள் அடர்ந்து நெருங்கினாலும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. இதனால் உள்ளே தேன்கூடுபோல் ஆகிவிட்ட தூண் வெளியே உறுதியாகவே தோன்றும். இவ்வுயிரிகள் ஓரிடத்தில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். எனவே ஆய்வாளர்கள் குறிப்பிட்ட ஆழங்களில் சோதனைப் பலகைகளைத் தொங்கவிட்டு, மாதந்தோறும் எடுத்து, பிளந்தோ எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தோ எண்ணுகிறார்கள். அப்பலகைகள் பெரும்பாலும் துறைமுகங்களிலும் கடலாய்வு நிலையங்களின் வாசலிலுமே தொங்கியிருக்கின்றன. ஆகவே உலகப் பரவல் வரைபடங்களில் காணப்படும் புள்ளிகள் இவ்வுயிரிகளின் வாழிடங்களைக் காட்டுவதோடு, ஆய்வாளர்களின் வாழிடங்களையும் ஓரளவு காட்டுகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

சுரங்கத்தின் வாயில் உயிரியின் வால்முனை இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் வெளியே நீண்டு, ஒன்று நீரை உள்ளிழுக்க, மற்றது கழிவையும் இனப்பெருக்க அணுக்களையும் வெளியேற்றுகிறது. ஆபத்து நேரும்போது குழல்கள் உள்ளே சுருங்க, மூடுதகடுகள் எனப்படும் இரண்டு சுண்ணாம்புத் தகடுகள் வாயிலை இறுக அடைத்துக்கொள்கின்றன. அதற்குப் பின் உள்ளே இருக்கும் உயிரி, சேமித்துவைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இன்றியே எரித்து வாரக்கணக்கில் உயிர்தாங்கக்கூடியது. டெரிடோ நேவாலிஸ் இவ்வாறு ஏறக்குறைய ஆறு வாரங்கள் வரை தாக்குப்பிடிப்பதாகக் கண்டிருக்கிறார்கள். வெள்ளத்தால் நீர் நன்னீராகிவிட்டாலும், வற்றுநீரில் கட்டை வெளியே தெரிந்தாலும் அது கதவடைத்துக் காத்திருக்கிறது. நீரில் மிதக்கும் லார்வாவுக்கு அடைத்துக்கொள்ளக் கதவு ஏது? ஓர் இனத்தின் வளர்ந்த உயிரி ஓரிடத்தில் காணப்படுவதும், அவ்வினம் அவ்விடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

உப்புத்தன்மையே எல்லைகளை வகுக்கும் காரணிகளுள் முதன்மையானது. திறந்த கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு இருக்கிறது. மிதவெப்பக் கரைகளில் மிகப் பரவலாக வாழும் டெரிடோ நேவாலிஸின் வளர்ந்த உயிரி, ஆயிரத்துக்கு 5 பங்கு வரை இறங்கும் நீரையும் சில காலம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது பெருகுவதற்கு 8 அல்லது 9 பங்குக்குக் குறையாத உப்பு வேண்டும். பால்டிக் கடல் இந்த எல்லையை இயற்கையாகவே வரைந்து காட்டுகிறது. வடகடலோடு இணையும் மேற்குப் பகுதியில் உப்பு மிகுந்தும், கிழக்கே செல்லச் செல்ல ஆறுகளின் நீரால் குறைந்தும் போகும் அக்கடலில், டென்மார்க்கையும் ஜெர்மனியின் பால்டிக் கரையின் மேற்குப் பகுதியையும் சார்ந்த நீர்களில் கப்பல்புழு வாழ்கிறது, ஸ்டாக்ஹோமைச் சூழ்ந்த நீரில் அது இல்லை. 1628இல் ஸ்டாக்ஹோம் துறையில் முதற்பயணத்திலேயே மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பல் 1961இல் ஏறக்குறைய முழுமையாக மேலே எடுக்கப்பட்டதற்கு இதுவே பெருங்காரணம். 1990களிலிருந்து ஜெர்மனியின் மெக்லன்பர்க் கரையில் கப்பல்புழுவின் தாக்குதல் பரவிவருவதால், அங்கே நீருக்கடியில் கிடக்கும் பழைய கப்பல்களின் எதிர்காலம் தொல்லியலாளர்களின் கவலைகளுள் ஒன்றாகியிருக்கிறது.

எல்லை இடம்பெயரும் என்பதை வரலாற்றில் முதலில் பெரும்விலை கொடுத்து அறிந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1731ஆம் ஆண்டை ஒட்டி, சீலாந்திலும் மேற்கு ஃப்ரீஸ்லாந்திலும் கடலைத் தடுத்து நிறுத்திய கரைகளின் முகப்பில் நிறுத்தப்பட்டிருந்த மரத்தூண்கள் உள்ளே அரிக்கப்பட்டு முறியத் தொடங்கின. பல பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழே கிடந்த ஒரு நாட்டின் காவல் அந்த மரங்களைச் சார்ந்திருந்தது என்பதால், அந்நாளில் அது இறைவனின் தண்டனையாகவே பலருக்குத் தோன்றியது. இதே நெருக்கடிதான் 1733இல் காட்ஃப்ரீட் செல்லியஸ் என்பவர் இவ்வுயிரியைப் பற்றிய முதல் விரிவான நூலை எழுதி, அது புழுவன்று, ஈரோட்டு மெல்லுடலியே என்று நிறுவுவதற்கும் வழிவகுத்தது. மரத்துக்குப் பதிலாகக் கரைகளின் முகப்பில் கல் பதிக்கப்பட்டது. கல் கிடைக்காத நாட்டில் அந்தத் தேவை எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், ட்ரெந்தே பகுதியில் இருந்த பெருங்கற்காலக் கல்லறைகளின் பாறைகளையே பெயர்த்துச் செல்லத் தொடங்கினார்கள். 1734இல் அதைத் தடைசெய்து அப்பகுதி ஆட்சியாளர்கள் பிறப்பித்த ஆணை, தொல்சின்னங்களைக் காக்க ஐரோப்பாவில் பிறந்த மிகப் பழைய ஆணைகளுள் ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் அந்தத் தாக்குதல் சில முறை மீண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை ஆராய அமைக்கப்பட்ட அறிஞர் குழு, மழை குன்றி ஆறுகள் மெலிந்து கரையோர நீரில் உப்பு ஏறிய ஆண்டுகளோடு அத்தாக்குதல்கள் பொருந்துவதை எடுத்துக்காட்டியது. உயிரி எங்கிருந்தோ புதிதாக வந்ததா, முன்பே அங்கே இருந்து வாய்ப்புக்காகக் காத்திருந்ததா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. வாய்ப்பைத் தந்தது வறட்சி என்பதில் அவ்வளவு ஐயமில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா இதே பாடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. அங்கே பேங்கியா செட்டேசியா என்ற உள்ளூர் இனம் முன்பே இருந்தது. ஆனால் அது கடலின் முழு உப்பை நாடும் இனம் என்பதால், விரிகுடாவின் வாயிலை ஒட்டிய பகுதிகளோடு நின்றுவிட்டது. சாக்ரமென்டோ, சான் வாக்கின் ஆறுகளின் நீர் கலக்கும் வடக்குப் பகுதியில் ஆபத்தில்லை என்று நம்பிய பொறியாளர்கள், அங்கே பதப்படுத்தாத மரத்தூண்களின் மேலேயே படகுத்துறைகளையும் கிடங்குகளையும் கட்டினார்கள். குறைந்த உப்பையும் பொறுக்கும் டெரிடோ நேவாலிஸ் 1913இல் மேர் தீவருகே கண்டறியப்பட்டது. 1917 முதல் தொடர்ந்து மழை குறைந்து உப்புநீர் மேலே ஏறியபோது, அது அந்த வடக்குப் பகுதி முழுவதும் பரவியது. 1919 முதல் இரண்டாண்டுகளுக்கு, சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒரு பெரிய படகுத்துறையோ கிடங்கோ தோணித்துறையோ இடிந்து விழுந்தது. இங்கே இரண்டு காரணிகள் ஒன்றுசேர்ந்தன: தாங்கும் வரம்பு விரிந்த ஓர் இனத்தின் வருகை, அதற்கு வழிவிட்ட வறண்ட ஆண்டுகள். இவற்றுள் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் இழப்பு இந்த அளவுக்குப் போயிருக்காது. இதன் விளைவாக அமைக்கப்பட்ட குழு 1927இல் வெளியிட்ட பேரறிக்கை, மரந்துளைக்கும் கடலுயிரிகளின் சூழலியலுக்கு நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது.

பருவமழை ஆளும் இந்தியக் கரைகளில் உப்பின் எல்லை ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகர்கிறது. வேறு நாடுகளில் நூற்றாண்டுக்கு ஒருமுறை நேர்வது இங்கே ஒவ்வோராண்டும் நேர்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கொச்சி உப்பங்கழியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் ஆற்றுவெள்ளம் மேல்நீரை ஏறக்குறைய நன்னீராகவே ஆக்கிவிட, கோடையில் அதே இடம் கடலின் உப்பை எட்டுகிறது. மழைக்காலத்தில் லார்வாக்கள் புதிய மரத்தில் பற்றுவது பெரிதும் நின்றுபோகிறது, கடல்சார் இனங்களின் வளர்ந்த உயிரிகளும் பெருமளவில் மடிகின்றன. மழை ஓய்ந்து உப்பு ஏறியதும், கழிமுகத்தின் வாய்ப்புறத்திலிருந்து புதிய லார்வாக்கள் ஓதத்தோடு உள்ளே வந்து மீண்டும் குடியேறுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய இனங்களும் உண்டு. நாசிடோரா ஹெட்லேயி என்ற கப்பல்புழு, மற்றவை பின்வாங்கும் குறைந்த உப்பிலும் கொச்சிக் கழிகளில் மிகுந்து காணப்படுகிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த நாசிடோரா டன்லோபேயி 1864இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது வங்கத்தின் உள்நாட்டில், ஃபரித்பூர் பக்கம் ஓடும் கங்கையின் கிளையாறு ஒன்றில் கிடைத்த மரத்திலிருந்து. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் ஒரு கப்பல்புழு கிடைத்தது அக்கால அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியதில் வியப்பில்லை.

சோழமண்டலக் கரையில் இதே நாடகம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கிறது. சென்னை, விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் ஆண்டின் பெரும்பகுதி உப்பு உயர்ந்தே இருப்பதால், லார்வாக்கள் மரத்தில் பற்றும் காலமும் நீண்டது. வெப்பமண்டலத்தில் வளர்ச்சி விரைவானது என்பதால், மரத்தில் பற்றிய சில வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் இனங்கள் ஓராண்டுக்குள் பல தலைமுறைகளைக் கண்டுவிடுகின்றன. 1950களிலும் அதை அடுத்தும் சென்னையில் என். பாலகிருஷ்ணன் நாயரும் விசாகப்பட்டினத்தில் ஆர். நாகபூஷணமும் செய்த ஆய்வுகள் இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. பின்னர் நாயரும் எம். சரஸ்வதியும் சேர்ந்து 1971இல் எழுதிய கப்பல்புழு உயிரியல் பற்றிய மீள்பார்வை உலகளவில் எடுத்தாளப்படுகிறது. ஆனால் துறைமுகத்தைவிட்டுச் சிற்றாறுகளின் முகத்துவாரங்களுக்கு வந்தால் நிலைமை வேறு. கோடையில் அலைகள் குவிக்கும் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட, உள்ளே சிக்கிய நீருக்கும் கடலுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. உப்பு போதுமான அளவு இருந்தாலும் கடலிலிருந்து லார்வா வர வழியில்லாத அத்தகைய கழிமுகத்தில், முன்பே குடியேறியவை மட்டும் தங்களுக்குள் பெருக வேண்டியிருக்கும். இங்கே இனங்களின் இனப்பெருக்க முறை வேறுபாடு பொருள்பெறுகிறது. பேங்கியா இனங்கள் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடுகின்றன. அவற்றின் லார்வாக்கள் வாரக்கணக்கில் மிதந்து தொலைவு செல்லும். டெரிடோ நேவாலிஸ் லார்வாக்களைச் சிறிது காலம் செவுளில் வைத்துக் காத்து, பின் வெளியேற்றுகிறது. லைரோடஸ் பெடிசெல்லேட்டஸோ அவை மரத்தில் பற்றும் பருவத்தை எட்டும்வரை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. வெளிவந்த லார்வா சில நாட்களுக்குள், பல வேளைகளில் தாய் வாழும் அதே கட்டையிலேயே, இடம்பிடித்துவிடுகிறது. மூடிய கழிமுகத்தில் நிலைகொள்வதற்கு இக்கடைசி முறையே ஏற்றது. ஆனால் அவ்வினங்கள் தொலைவுக்குப் பரவுவதற்கு மிதக்கும் மரத்தையும் கப்பலின் அடிப்பகுதியையும் நம்பியிருக்க வேண்டியதாகிறது.

மனிதன் கட்டிய மரவேலைகளை வைத்தே இவ்வுயிரிகள் பெரிதும் பேசப்பட்டாலும், அவற்றின் தாயகம் அலையாத்திக் காடுதான். சுரபுன்னை, கண்டல் போன்ற மரங்கள் நிறைந்த அச்சேற்றுக் காடுகளில் விழும் மரம் ஓயாமல் ஓதநீரில் நனைகிறது; அங்கேயே பழகிய டிசயதிஃபர் மன்னி, பேக்ட்ரோனோஃபோரஸ் தொராசைட்டிஸ் போன்ற இனங்கள் இந்தியப் பெருங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரையான அலையாத்திகளில் வாழ்கின்றன. அவை தாக்குவது பெரிதும் இறந்த மரத்தையே. அக்காடுகளுக்குள்ளும் இடவரிசை உண்டு: ஓதம் அடிக்கடி மூடும் தாழ்ந்த பகுதியில் விழுந்த கட்டையைக் கப்பல்புழுக்கள் சில ஆண்டுகளுக்குள் தின்று தீர்த்துவிடுகின்றன, உயர்ந்த பகுதியில் அவ்வேலையைப் பூஞ்சைகளும் பூச்சிகளும் மெதுவாகச் செய்கின்றன. இந்தோனேசியாவின் வகாடோபி தீவுகளில் நடந்த ஆய்வுகள், கப்பல்புழு மடிந்தபின் எஞ்சும் வெற்றுச் சுரங்கங்களில் நண்டுகளும் சிறு மீன்களும் பிறவும் தஞ்சம் புகுவதையும், ஈரம் ஆவியாவதால் வற்றுநீர் வேளையிலும் சுரங்கங்கள் குளிர்ந்திருப்பதையும் காட்டியுள்ளன. துறைமுகத்தில் பகையாகக் கருதப்படும் இவ்வுயிரி காட்டில் விழுந்த மரத்தின் சத்தை உயிர்ச்சுழற்சிக்குத் திருப்பித் தரும் முதன்மையான பணியாள். சில இடங்களில் அது உணவும்கூட: பிலிப்பைன்ஸின் பலாவானில் தமிலோக் என்றும், பிரேசிலின் அமேசான் கழிமுகத்தில் துரு என்றும் அழைக்கப்பட்டு, அலையாத்திக் கட்டைகளைப் பிளந்து எடுக்கப்படும் கப்பல்புழு விரும்பி உண்ணப்படுகிறது.

ஒரே தூணில்கூட எல்லா மட்டங்களிலும் தாக்குதல் சமமாக இருப்பதில்லை. ஓதமட்டத்துக்கு மேல் உலர்வும், சேற்றுக்குக் கீழ் ஆக்சிஜன் இன்மையும் தடையாகின்றன. பல துறைகளில் சேற்றுப்பரப்புக்குச் சற்று மேலேயே கப்பல்புழுவின் அரிப்பு மிகுகிறது. தூணின் சேற்றுக்குள் புதைந்த அடிப்பகுதி புதிதுபோல் நிற்க, அதற்குச் சற்று மேலே மரம் சல்லடையாகிக் கிடப்பது துறைமுகப் பொறியாளர்கள் அறிந்ததே. ஆக்சிஜன் இல்லாத நீரின் காவல் கருங்கடலில் பேரளவில் காணப்படுகிறது. அதன் மேல்நீரில் டெரிடோ நேவாலிஸ் வாழ்கிறது. ஆனால் ஏறக்குறைய 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த, ஏறக்குறைய 2,400 ஆண்டுப் பழமையான கிரேக்க மரக்கப்பல் பாய்மரத்தண்டோடு நிற்பதாக 2018இல் அறிவிக்கப்பட்டது அதனால்தான் வாய்த்தது. மாசுபட்ட துறைமுகமும் இதேபோன்ற காவலைத் தற்காலிகமாகத் தரும். நியூயார்க் துறைமுகத்தின் நீர் நெடுங்காலம் கழிவால் ஆக்சிஜன் குன்றிக் கிடந்தபோது மரத்தூண்கள் பிழைத்தன. 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டத்துக்குப் பின் நீர் தெளிந்து மீன்கள் திரும்பிவந்தபோது, மரந்துளைப்பான்களும் கூடவே திரும்பிவந்து தூண்களை அரிக்கத் தொடங்கின.

வெப்பம் உப்பைப் போலவே வளர்ந்த உயிரிக்கும் லார்வாவுக்கும் வெவ்வேறு எல்லை வகுக்கிறது. டெரிடோ நேவாலிஸ் குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும் நீரிலும் செயலற்று உயிரோடிருக்கும். ஆனால் பெருகுவதற்கு நீர் 11 பாகை செல்சியஸை ஒட்டியாவது வெதுவெதுப்பாக வேண்டும். வெப்பமண்டல இனங்கள் குளிர்ந்த கரைகளில் குடியேறாமல் இருப்பதும் இதனால்தான். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆய்ஸ்டர் க்ரீக் அணுமின் நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கி வெந்நீரை வெளியேற்றியபின், 1970களில் அதன் ஓடையில் டெரிடோ பார்ட்ஷி என்ற வெப்பமண்டல இனம் நிலைகொண்டது இதற்கு நேரடியான சான்று. ஒரு குழாயின் வாயிலில் மட்டும் வெப்பமண்டலம் உருவாகி, அதற்குரிய உயிரி எங்கிருந்தோ கப்பலிலோ மரத்திலோ வந்து அதைக் கண்டுகொண்டது.

மரமே வாழிடம் என்ற பொதுவிதிக்கு இக்குடும்பத்திலேயே விலக்குகள் உண்டு. அவை அரிதானவை என்றாலும் விதியின் காரணத்தை விளக்க உதவுகின்றன. ஜப்பான் கடலின் ரஷ்யக் கரையில் வாழும் சாக்ஸியா, கடற்புல்லின் தண்டுக்கிழங்கில் சுரங்கம் அமைக்கிறது. யூபெரோடஸ் இனங்கள் அலையாத்தி மரங்களிலிருந்து விழுந்து மிதக்கும் கொட்டைகளையே வீடாகக் கொள்கின்றன. ஒன்றரை மீட்டர் வரை நீளும் கூஃபஸ் பாலிதலாமியஸ், பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் உப்பங்கழிச் சேற்றில் நட்டுவைத்ததுபோல் வாழ்கிறது. 2017இல் உயிருடன் விரிவாக ஆராயப்பட்டபோது, அதன் செவுள் பாக்டீரியாக்கள் செல்லுலோஸை விட்டுக் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறுவது தெரியவந்தது. போஹோல் தீவின் அபாட்டன் ஆற்றில் 2019இல் விவரிக்கப்பட்ட லித்தோரெடோ அபாட்டனிகா நன்னீரில் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து விழுங்குகிறது. மரம் போன்ற தாவரப்பொருளிலிருந்தே விலகிய இக்கடைசி இரண்டிலும் செவுளில் உள்ள துணைபாக்டீரியாவோ உணவுமுறையோ மாறியிருக்கிறது. வாழிடத்தை மாற்றுவதோடு உணவைப் பெறும் வழியையும் மாற்ற வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

கரையோர நீரை விட்டு அப்பால் சென்றால் மரத்தைப் பின்தொடரும் வேட்டை ஆழ்கடலிலும் தொடர்கிறது. ரூத் டர்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1,830 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்ட மரப்பலகைகள் 104 நாட்களுக்குள் சைலோஃபாகைடே சிப்பிகளால் துளைக்கப்பட்டிருந்ததை 1973இல் அறிவித்தார். ஆழ்கடலில் எல்லாமே மெதுவாக நடக்கும் என்ற நம்பிக்கையை அது அசைத்தது. மரமே வளராத கண்டத்தைச் சூழ்ந்த அன்டார்க்டிக் நீரில் நிலை தலைகீழ். அங்கே வைக்கப்பட்ட மரத்துண்டுகள் தின்னப்படாமல் திரும்பின என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1915இல் மூழ்கிய ஷேக்கில்டனின் எண்ட்யூரன்ஸ் கப்பல் 2022இல் வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் பின்புறத்தில் பெயரின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. உப்பும் ஆக்சிஜனும் அங்கே குறைவில்லை. நெடுங்காலமாக மரம் வந்துசேராத கடலில் மரந்தின்னும் உயிரி நிலைகொள்ளவில்லை.

ஆகவே கரையில் மரம் எவ்வளவு, எந்த நிலையில் கிடக்கிறது என்பதையும் வாழிடத்தின் பகுதியாகவே எண்ண வேண்டும். தமிழகக் கரையின் கட்டுமரம் நாள்தோறும் கரையேற்றப்பட்டு உலர்த்தப்பட்டதால், மென்மரத்தால் ஆனதாயினும் கப்பல்புழுவுக்கு அதிகம் இரையாகவில்லை. நீரிலேயே நங்கூரமிட்டு நிற்கும் பெரிய வள்ளங்களும் தோணிகளும்தான் மீனெண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய், குங்கிலியம் ஆகியவற்றின் காப்பை நாடின. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடியில் செப்புத்தகடு அறைந்து பார்த்ததும் இதே நோக்கத்தில்தான். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, துறைகள் கான்கிரீட்டுக்கு மாறியபின், கரையோரத்தில் இவ்வுயிரிகளுக்குக் கிடைக்கும் மரம் பெரும்பாலும் அலையாத்திக் கட்டைகளும் வெள்ளத்தில் அடித்துவரும் மரங்களும் நீரில் நட்டுவைக்கும் சவுக்குக் கழிகளுமே. மரவேலைகள் குறைந்தன என்பதால் உயிரி மறைந்துவிட்டது என்று கொள்வது பிழை; அது தன் பழைய தாயகத்துக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

இன்று அந்த எல்லையை மாற்றுபவை அணைகளும் தடுப்பணைகளும் ஆகும். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே 1970களில் முடிக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை, கோடையில் உப்புநீர் தெற்கே குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறாமல் அடைக்கிறது; அதன் தெற்குப் பகுதியில் கப்பல்புழு பெருகுவதற்கான காலமும் அதனால் குறுகுகிறது. காவிரியின் கடைமடையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: மேலே தேக்கப்படும் நீரால் ஆற்றின் வரத்து மெலிந்து, முத்துப்பேட்டைக் காயலிலும் கழிமுகங்களிலும் உப்பு ஏறிவருகிறது, சான் ஃபிரான்சிஸ்கோவின் வறண்ட ஆண்டுகள் காட்டியபடி பார்த்தால், மரந்துளைப்பான்கள் மேல்நோக்கி நகர ஏற்ற சூழல் இது. அந்நகர்வு நடந்திருக்கிறதா என்பதை, அங்கே ஒரு கட்டையைப் பிளந்து உள்ளே உயிருள்ள புழு கிடப்பதைக் கண்டு முடிவுசெய்ய முடியாது. அது கீழ்க்கழியிலிருந்து மிதந்துவந்த மரத்தோடு வந்து, கதவடைத்துக் காத்திருக்கும் தனி உயிரியாகவும் இருக்கலாம். இரண்டு மழைக்காலங்களை உள்ளடக்கி, மாதந்தோறும் புதுப்பலகை இறக்கிப் பழையதை எடுத்து, அதில் பற்றிய இளம் உயிரிகளை எண்ணுவதோடு, லார்வாக்களைச் செவுளில் சுமக்கும் இனங்களில் வளர்ந்தவற்றை அறுத்து, அங்கேயே அவை சினைகொண்டிருக்கின்றனவா என்றும் பார்த்தால்தான் எல்லை நகர்ந்ததா என்பதற்கு விடை கிடைக்கும்.